மரமில்லாத பாத்தி

அந்தம்மா தண்ணி ஊற்றிவிட்டுப் போகாது. ஊற்றிவிட்டு நிற்கும்.

தென்னைக்கு ஒரு குடம் ஊற்றினால், காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடியே, தண்ணி முழுசும் இறங்குகிற வரைக்கும் பாத்தியைப் பார்த்துக்கொண்டே நிற்கும். வலது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். எண்ணுகிறது. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பாது. தண்ணியெல்லாம் உள்ளே போய், கடைசியில் ஓர் உள்ளங்கை அளவு மட்டும் போகாமல் தேங்கி நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடும். "நின்னுடுச்சு. போதும்னு சொல்லுது" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நகரும்.

வருஷத்தில் ஒரு முறைதான் வரும். பங்குனி கடைசியில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் தெரியும். கத்திரி வெயில் பிறக்கிறதற்குள் எங்கள் தெரு மரம் செடியெல்லாம் ஒரு சுற்று பார்த்து முடித்துவிடும். தென்னைக்கு வட்டமாகப் பாத்தி வெட்டி, தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் புதைக்கும். காய் ஓய்ந்த முருங்கையை வெட்டிவிட்டு, வெட்டின இடத்தில் சாணி அப்பும். மாமரத்தடியில் சருகை மெத்தை மாதிரிப் பரப்பும். அவரை விதை, பூசணி விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் கட்டிக் கையில் கொடுத்து, "ஆடிக்கு முன்னாடி அவுக்காத" என்று சொல்லும்.

நாங்கள் இருந்தது சேலையூர் தாண்டி, ஏரிப் பக்கம் புதுசாகப் பிரித்த மனைகளில். எண்பத்தி நாலோ அஞ்சோ. அதற்கு முன்னால் அங்கே நெல் போட்டிருந்தார்கள். அந்த வயலில் பாதி அந்தம்மா வீட்டுக்காரருடையது. அவர்தான் மனை போட விற்றவர். மகன்கள் மெயின் ரோட்டில் சிமெண்டு, கம்பிக் கடை வைத்து நன்றாக இருந்தார்கள். கூலிக்கு வந்துதான் சாப்பிட வேண்டும் என்று இல்லை. ஆனாலும் வரும். கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், கொடுக்காவிட்டால் கேட்காது. இது ஏன் வருகிறது என்று எனக்கு முதல் வருஷத்திலிருந்தே ஒரு நெருடல்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்துப் பாதி வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்று மகனை வளர்த்தேன், இந்த வீட்டையும் எழுப்பினேன். ஒரு செங்கல்லுக்குக்கூட யாரிடமும் போய் நின்றதில்லை. எழுதப் படிக்க எனக்குப் பாதிதான் வரும். எண்ண முழுசாக வரும்.

முதல் வருஷம் எல்லா மரத்துக்கும் முடித்துவிட்டு, பின்பக்கத்து மூலைக்குப் போனது. அங்கே மரமும் இல்லை, செடியும் இல்லை. வெறும் கட்டாந்தரை. அங்கே போய் அழகாக ஒரு வட்டப் பாத்தி கட்டியது.

"இன்னாக்கா, அங்க மரமே இல்லியே?"

"இதுக்கும் ஒண்ணு கட்டணும் தங்கச்சி. வுட்டா கோச்சுக்கும்."

"யாரு கோச்சுக்கும்?"

"ஒரு கொடம் தண்ணி குடு."

அந்த நாளில் தெரு அடிபம்பில் முப்பது தரம் அடித்தால் கால் குடம் வரும். சித்திரையில் அதுவும் காற்றுதான் வரும். வெறும் தரைக்கு ஒரு குடம் என்றால் வயிறு எரியாதா? ஆனாலும் கொடுத்தேன். அத்தனை மரத்துக்கு உழைத்த கை.

ஊற்றியது. ஆனால் இங்கே நின்று பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டது. கட்டைவிரல் நகர்ந்தது. தண்ணி ஒரு சுழிப்புகூட இல்லாமல் போய்விட்டது. உள்ளங்கைத் தண்ணியும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா தலையை ஆட்டியது.

"இருவத்தொண்ணு."

"இன்னா இருவத்தொண்ணு?"

"உனுக்கு கேக்கல? சின்ன வயசு காது, அதுல இவ்ளோ அழுக்கு!" என்று சிரித்துவிட்டு எழுந்து போனது.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை, நல்ல மனுஷி. அவர் வீட்டு மாமரத்துக்குத் தண்ணி ஊற்றிப் பார்த்துவிட்டு அந்தம்மா ஒரு முறை, "மரத்துக்கு ஒண்ணும் போவல டீச்சர். செவுரு குடிக்குது" என்றது.

"என்ன பெரியம்மா, சுவருக்குக்கூட தாகம் எடுக்குமா?"

"எடுக்கும். பாத்துக்கினே இரு."

ஐப்பசி மழையில் டீச்சர் வீட்டு காம்பவுண்டுச் சுவர் முப்பதடியும் ஒரே நேரத்தில் தெருவில் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவே அந்தம்மாவை நம்பியது. அது ஒரு மரத்தடியில் நின்றால், வீட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து அதன் முகத்தைப் பார்ப்பார்கள், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

மரத்தை மட்டும் பார்க்காது. நாம் தண்ணி குடித்தாலும் தொண்டையைப் பார்க்கும். "உன் மவன் குடிக்கிறத பாத்தேன். மடமடன்னு எறங்குது. கோவக்காரன். பொண்ணு பாக்கறப்ப பொறுமையானவளா பாரு" என்று சொல்லியிருக்கிறது. சொன்னது சரிதான். ஆனால் அது எதிரில் இருந்தால் எனக்குத் தண்ணி குடிக்கக் கூச்சமாக இருக்கும். திரும்பி நின்றுகொண்டு குடிப்பேன்.

நாலாவது வருஷம் எனக்கும் கேட்டது.

நடுப்பகல். காக்காகூடக் கத்தவில்லை. அந்தம்மா மூலைப் பாத்தியில் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்தது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஆழத்தில், சின்னச் செம்பை முக்கி எடுக்கிற மாதிரி, க்ளொக் என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே இருந்து வந்தது. கையில் இருந்த ஈரத்துணி அப்படியே நின்றுவிட்டது.

"பதினஞ்சு" என்றது அந்தம்மா, என்னைப் பார்க்காமலே. "மேல வந்துகினே கீது."

எலி வளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் முருங்கை வெட்டும்போது நானே கேட்டேன். வெட்டின கிளையில் இருந்த இலையை உருவிக்கொண்டே சொன்னது.

"கெணறு தங்கச்சி. எங்க கெணறு. மனை போட வந்த புரோக்கரு, கெணறு இருந்தா மனை விலை போவாதுன்னான். சித்திரை மாசம், தண்ணி அடியில கீது. மண்ணு கொட்டி மூடுறதுக்கு பொறுமை யாருக்கு? இந்த மனுசன் இன்னா பண்ணாரு, வைக்கோப்போர அப்படியே தள்ளினாரு. வெட்டின தென்னமரத்த போட்டாரு. ஒடஞ்ச வண்டிய போட்டாரு. மேல ரெண்டு வண்டி மண்ணு. மூணு நாள்ல முடிஞ்சிபோச்சு. மூடுறதுதான் மூடுற, மூச்சு வுடறதுக்கு ஒரு மூங்கிலாவது வச்சிட்டு மூடுய்யான்னேன். போடி பைத்தியம்னாரு."

"அப்புறம்?"

"அன்னிக்கி சாயங்காலம் வூட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. இன்னொரு செம்பு. இன்னொண்ணு. ராவெல்லாம் தண்ணி. பகலெல்லாம் தண்ணி. குடிச்சிட்டு, நாக்கு வறளுதுடின்னு அழுவாரு. ஆஸ்பத்திரில சக்கரன்னாங்க." இலையை முறத்தில் போட்டது. "சக்கரையாம். அடுத்த சித்திரைக்கு அவரு இல்ல. அதான் வருசத்துக்கு ஒரு கொடம் ஊத்தறேன். மிச்ச பேர வுட்டுடட்டும்னு."

நான் நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மனை வாங்கும்போது புரோக்கர் என்னிடம் வேறே சொல்லியிருந்தான். கிணறு ரோட்டுக்கு அடியில் போய்விட்டது, உங்கள் மனை சுத்தம் என்று சத்தியம் பண்ணினான். எனக்கு அந்தச் சத்தியம் வேண்டியிருந்தது. அதனால் இப்படி நினைத்துக்கொண்டேன்: இவளுக்கு இன்னும் இந்த நிலத்தின்மேல் கண் போகவில்லை, கதை சொல்லிச் சொல்லி ஒரு மூலையைத் தன் கைக்குள் வைத்திருக்கிறாள்.

மகனுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், சின்னஞ்சிறுசுகளுக்குத் தனி ரூம். இடம் அந்த மூலைதான் தோதாக இருந்தது. சித்திரையில் நல்ல நாள் பார்த்து மேஸ்திரி வந்து கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டார். தெருவில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். டீச்சரும் வந்திருந்தார். சரியாக அன்றைக்குத்தான் அந்தம்மா மண்வெட்டியோடு உள்ளே வந்தது.

கோட்டைப் பார்த்தது. போய்க் கோட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாம்மா பேஜாரு இது" என்றார் மேஸ்திரி. "நல்ல நேரம் போவுது. பெரியம்மாவ எழுப்பு."

"எழுந்திரிக்கா" என்றேன். எழவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். எலும்புதான், ஆனால் அசைக்க முடியவில்லை. எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"என் வூட்ல உனுக்கு இன்னா பாத்தியதை? துட்டு வாங்கிக்கினுதான வித்தீங்க? வித்துட்டு வருசா வருசம் வந்து மண்ண தடவிட்டு போறியே, வெக்கமா இல்ல?"

அதற்குக் கோபமே வரவில்லை. "வேணாம் தங்கச்சி. புள்ளைங்க படுக்கிற எடம்" என்றது. பிறகு, "ஒரு கொடம் எடுத்துனு வா. நீயே ஊத்து. நீயே எண்ணு. கேக்கலன்னு நீ ஒரு வார்த்த சொன்னா நான் எழுந்து போய்டறேன்" என்றது.

கொண்டுவந்தேன். அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது. ஊற்றினேன். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மனசுக்குள் எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏழு வரும்போது கேட்டது. இந்த முறை ஆழத்தில் இல்லை. யாரோ என் காதுக்குப் பின்னால் நின்று ஒரு மடக்கு விழுங்குகிற மாதிரி கேட்டது. உள்ளங்கால் சில்லிட்டது.

மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் தள்ளி நின்றார்கள். எங்கள் ரெண்டு பேருக்கும்தான் கேட்டது. அந்தம்மா என் முகத்தையே பார்த்தது.

"கேட்டுச்சா?"

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் தடவின செங்கல்லோடு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எழுந்து புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டியது. "சரி தங்கச்சி" என்றது. மண்வெட்டியை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டது.

பூஜை போட்டு, மேஸ்திரியின் ஆள் கடப்பாரையை ஓங்கினான். மூணாவது குத்தில் கடப்பாரை அவன் கையில் இல்லை. துணிக்குள் ஊசி போகிற மாதிரிப் போய்விட்டது. ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பாக ஓர் ஓட்டை. அது விழுகிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. மேஸ்திரி ஒரு முழுச் செங்கல்லைப் போட்டார். அதற்கும் சத்தம் இல்லை. உள்ளேயிருந்து ஈர வைக்கோல் நாற்றம் மட்டும் மெல்ல மேலே வந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவரைக்கும் கடவுள் புண்ணியம்.

கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். "கெழவி வாய் வச்சிட்டு போச்சு பாத்தியா? நல்லா இருந்த தரை. இப்பதான இந்தம்மாவே ஊத்திப் பாத்து ஒண்ணும் இல்லன்னாங்க?"

"அன்னிக்கு என் சுவரும் அப்படித்தான்" என்றார் டீச்சர், மெதுவாக. "அவங்க சொன்னாங்க, விழுந்துச்சு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தோண்டுகிறதற்கு முன்னாலேயே கேட்டது, நான்தான் மறைத்தேன் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து அப்படியே காய்ந்துபோனது.

அன்றைக்கே தெருவெல்லாம் பரவிவிட்டது. அந்தம்மா சொன்னால் விழும், பார்த்தால் பட்டுப்போகும் என்று. அடுத்த பங்குனியில் யாரும் அதைக் கூப்பிடவில்லை. அது தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் இருந்தேன்.

ஓட்டையில் லாரி லாரியாக உடைகல் கொட்டினோம். ஒரு வழியாக நிரம்பியது. மேலே மூடுகிறபோது, "மேஸ்திரி, ஒரு பைப்பு வச்சி மூடுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"மூச்சு வுடத்தான்."

நான் அந்தம்மாவைப் பார்த்த அதே பார்வையோடு மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

ரூமை முன்பக்கம் கட்டினோம். கல்யாணம் நடந்தது. பெண் நல்ல பெண், பொறுமைசாலி. அந்த வைகாசியிலேயே எனக்குத் தாகம் ஆரம்பித்தது.

சாதாரணத் தாகம் இல்லை. ஒரு செம்பு குடித்துக் கீழே வைக்கிறதற்குள் நாக்கு மரப்பட்டை மாதிரி ஆகிவிடும். தலைமாட்டில் ஒரு குடம் வைத்துக்கொண்டு படுப்பேன். மருமகள் பயந்துபோய் ரத்தம், மூத்திரம் எல்லாம் பார்க்கக் கூட்டிப்போனாள். சர்க்கரை இல்லை, ஒன்றுமே இல்லை, வெயில்தான் என்றார்கள். கார்த்திகை மழையிலும் தாகம் எடுத்தது. மழையில் எடுக்கிற தாகத்துக்கு என்ன பெயர் சொல்வார்களோ.

சித்திரை பிறந்தால், மருமகள் தண்ணி லாரிக்குப் போகிற நேரம் பார்த்து, அந்தப் பைப்பில் ஒரு குடம் ஊற்றுவேன். எண்ணுவேன். நூறு வரைக்கும் எண்ணியிருக்கிறேன். சத்தமே வராது. முதல் சித்திரை அப்படி. ரெண்டாவதும் அப்படி.

மூணாவது சித்திரையில் அந்தம்மாவின் பெரிய மகன் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அம்மாவுக்கு பத்து நாளா இழுத்துகினு கீது. பால் எறங்கல, தண்ணி எறங்கல, உசுரும் போவல" என்றார். "மண்ணாசன்றாங்க. சொந்த மண்ண கரைச்சி ஊத்துனா போயிடும்னு பெரியவங்க சொல்றாங்க. எங்க மண்ணு எதுவும் இப்ப எங்ககிட்ட இல்ல. ஒரு புடி குடுத்தீங்கன்னா..."

கேட்க அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. டப்பாவை வாங்கவில்லை. மூலைக்குப் போய்ப் பைப்பின் ஓரத்தில் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அவரோடு நடந்தேன். காலில் செருப்பு போட மறந்துவிட்டேன்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பொம்பளைகள். எங்கள் தெருக்காரிகளும் இருந்தார்கள், டீச்சர் இருந்தார். அந்தம்மா வாய் திறந்து கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மூடியிருந்தது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

"மண்ணு கொண்ணாந்தியா? கரைச்சு குடு" என்றாள் ஒருத்தி. "அந்த நெலத்துமேல வச்ச ஆசதான் புடிச்சு வச்சிருக்கு."

"மண்ணாச இல்ல" என்றேன்.

எல்லோரும் பார்த்தார்கள். மறுபடியும் அதே மாதிரி எல்லோரும்.

"மண்ணாச இல்ல. இதுக்கு எந்த ஆசையும் இல்ல. அன்னிக்கி கொடத்த ஊத்துனப்ப எனுக்கு கேட்டுச்சு. தோண்டுறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு. நான்தான் கேக்கலன்னு பொய் சொன்னேன். இது வாயும் வைக்கல, கண்ணும் வைக்கல. எங்க புள்ளைங்கள காப்பாத்தறதுக்கு வந்து குந்துச்சு." கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். "அக்கா, ஏழுல கேட்டுச்சு. ஏழு எண்ணுனேன், கேட்டுச்சு."

கட்டைவிரல் நின்றது. கண் கொஞ்சம் திறந்தது.

"ஏழு இல்ல" என்றது. காற்று மாதிரிதான் குரல். "அஞ்சு. நீ எப்பவும் அவசரக்காரி."

யாரோ ஒருத்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். டீச்சர் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் தண்ணி ஊற்றி என் கையில் கொடுத்தார். வெறும் தண்ணிதான். மண் என் முந்தானையிலேயே இருந்தது.

ஊற்றினேன். உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கினதைப் பார்த்தேன். இன்னொரு பாலாடை. அதுவும் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருஷம் அது எங்களைப் பார்த்த மாதிரி. மூணாவதை ஊற்றினேன். அது போகவில்லை. நாக்குக்கு மேலே, ஓர் உள்ளங்கைக் குழி அளவு, ஆடாமல் அசையாமல் தேங்கி நின்றது.

"நின்னுடுச்சு" என்றேன்.

நடுப்பகல் வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தேன். பாதம் கொப்பளித்துவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து ஒரு டம்ளர் தண்ணி எடுத்தேன். பாதி குடித்ததும் கை நின்றுவிட்டது. போதும் என்று இருந்தது. மூணு வருஷத்தில் முதல் முறையாகப் போதும் என்று இருந்தது.

மீதிப் பாதியைக் கொண்டுபோய்ப் பைப்பில் ஊற்றினேன். களைந்துபோட்ட புடவையின் முந்தானையில் இருந்த மண்ணையும் அவிழ்த்து அங்கேயே போட்டேன். குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இந்த முறை அவசரப்படாமல் எண்ணினேன்.

அஞ்சில் கேட்டது.